‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க!’ – ஒரே சொல்லுக்குள் இத்தனை அர்த்தமா?

காலை 8 மணி. விளாத்திகுளத்தில் இருந்து தூத்துக்குடி கிளம்பும் பஸ். மூணு பேர் உட்காரும் சீட்டில் ஏற்கெனவே மூணு பேர். நாலாவதாக ஒருவர் வந்து நிற்கிறார். கேட்பது ஒரே வரிதான். “அண்ணாச்சி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.” யாரும் எதுவும் பேசுவதில்லை. இடுப்பை ஒரு நகர்த்து நகர்த்துகிறார்கள். இடம் வந்துவிடுகிறது.

அதே வரி அன்றைக்கே இன்னும் பல இடங்களில் கேட்கும். மிளகாய் வத்தல் மூட்டையை எடை போட்டு, ஈரம், சாக்கு என்று சில கிலோ கழிக்கும் வியாபாரி, “இந்த வாட்டி அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்பார். “ஒரு ரெண்டாயிரம் அட்ஜஸ்ட் பண்ண முடியுமாடா?” என்று நண்பன் வாட்ஸ்அப்பில் கேட்பான். “வீக்கெண்ட்ல கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்று சென்னை ஆபீஸில் இருந்து டீம் லீடர் மெசேஜ் போடுவார். “புகுந்த வீட்டுல நாமதாம்மா அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும்” என்று அம்மா போனில் சொல்வார்.

பஸ்ஸில் கேட்டதும் ஆபீஸில் கேட்டதும் ஒரே சொல்தான். ஆனால், கேட்கப்படுவது ஒன்றா? இல்லவே இல்லை. அப்படியென்றால் இந்த ஒரு ஆங்கிலச் சொல்லுக்குள் எத்தனை அர்த்தம் ஒளிந்திருக்கிறது? பிரித்துப் பார்ப்போம்.

சொல் எங்கிருந்து வந்தது?

‘அட்ஜஸ்ட்’ ஆங்கிலத்துக்கும் இரவல் சொல்தான். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கு முன்னால் லத்தீன். அங்கே ‘யுக்ஸ்டா’ என்றால் ‘பக்கத்தில்’. அதில் இருந்து உருவான வினைச்சொல்லுக்கு ‘பக்கத்தில் கொண்டுவருதல்’, ‘சேர்த்து வைத்தல்’ என்று பொருள்.

பிற்பாடு ஒரு குழப்பம் நடந்தது. லத்தீனில் ‘யுஸ்டுஸ்’ என்று இன்னொரு சொல் உண்டு. ‘நியாயமான’, ‘சரியான’ என்று அர்த்தம். ஆங்கிலத்தில் நீதியைக் குறிக்கும் ‘ஜஸ்டிஸ்’ இந்தக் குடும்பத்துச் சொல். காதுக்கு இரண்டும் ஒரே மாதிரி இருந்ததால், ‘அட்ஜஸ்ட்’டும் இதில் இருந்துதான் வந்தது என்று மக்கள் நினைத்தார்கள். அதனால் ‘பக்கத்தில் வைப்பது’ என்ற பழைய அர்த்தத்தோடு, ‘சரியாக்குவது, நேராக்குவது’ என்ற அர்த்தமும் ஒட்டிக்கொண்டது.

ஆக, இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். ஒன்று நெருக்கம், இன்னொன்று நியாயம். விளாத்திகுளம் பஸ்ஸில் நாலாவது ஆளுக்கு இடம் கொடுக்கும்போது, பல நூற்றாண்டுக்கு முந்தைய அந்த லத்தீன் அர்த்தம் அப்படியே வேலை செய்கிறது. நெருங்கி உட்காருகிறோம், அவ்வளவுதான். நியாயம் என்ற முகம் எங்கே காணாமல் போகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது.

இரவல் சொல் இந்தக் கரைக்குப் புதுசு இல்ல

‘தமிழில் ஆங்கிலம் கலந்துட்டாங்க, அதான் பிரச்சனை’ என்று இதைச் சுலபமாக முடித்துவிட முடியாது. 16-ம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்ச்சுகீசியர்களின் மொழியில் இருந்து வந்த சொற்கள்தான் ஜன்னல், சாவி, அலமாரி. மார்க்கெட்டில் தினமும் கேட்கும் ‘ஏலம்’ என்ற சொல்லும் போர்ச்சுகீசிய வரவுதான் என்பார்கள் மொழி ஆய்வாளர்கள். யாருக்காவது அது இன்றைக்கு அந்நியமாகத் தெரிகிறதா?

இன்னொரு வேடிக்கை. ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’ என்றதும் நாம் வழக்கமாகச் சொல்லும் பதில் ‘பரவாயில்ல’. அதில் இருக்கும் ‘பர்வா’ பாரசீகச் சொல். கவலை, பொருட்டு என்று அர்த்தம். உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. ஆக கேள்வி லத்தீனில் தொடங்கி ஆங்கிலம் வழியாக வந்தது. பதில் பாரசீகத்தில் தொடங்கி உருது வழியாக வந்தது. இரண்டும் சந்திக்கும் இடம் விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டு!

தமிழ்நாட்டுக்கு மட்டும் சொந்தமான வழக்கமும் இல்லை இது. பெங்களூரில் வேலை பார்ப்பவர்களுக்கு ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ தெரியாமல் இருக்காது. அந்த நகரத்தின் அடையாள வாசகமாகவே அது ஆகிவிட்டது. இந்திக்காரர்கள் ‘தோடா அட்ஜஸ்ட் கரோ’ என்பார்கள்.

ஒரு சொல்... ஏழு வேலை

அன்றாடப் பேச்சில் ‘அட்ஜஸ்ட்’ எதற்கெல்லாம் நிற்கிறது என்று பட்டியல் போட்டால் இப்படி வரும்.

1. திருகு, சரிசெய்: “பைக் பிரேக்கை அட்ஜஸ்ட் பண்ணு.” ஆங்கிலேயரும் இப்படித்தான் பயன்படுத்துவார்கள்.

2. நெருங்கி உட்கார்: பஸ், ரயில், பந்தி. கூட்டம் இருக்கும் இடமெல்லாம்.

3. கழித்துக்கொள்: “கடைசி ரெண்டு மாச வாடகையை அட்வான்ஸ்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.” கணக்குப் பார்ப்பவர்கள் இதை ‘நேர்செய்வது’ என்பார்கள்.

4. கைமாத்து கொடு: “மாசக் கடைசி, ஒரு ஐயாயிரம் அட்ஜஸ்ட் பண்ணேன்.” ‘கடன்’ என்று சொல்லக் கூச்சமாக இருக்கும்போது கைகொடுக்கும் சொல்.

5. சமாளி: “இருக்கிற ஆளை வச்சு அட்ஜஸ்ட் பண்ணுங்க.” மூணு பேர் வேலையை ரெண்டு பேர் பார்க்க வேண்டும் என்பதன் மரியாதையான வடிவம்.

6. சரிக்கட்டு: “அந்த ஆபீஸ்ல கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணா வேலை நடக்கும்.” நேராகச் சொன்னால் லஞ்சம்.

7. பொறுத்துக்கோ: “அவர் அப்படித்தான், நீதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்.” பெரும்பாலும் பெண்களிடமும், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களிடமும் சொல்லப்படுவது.

முதல் இரண்டில் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. மூணும் நாலும் கொடுக்கல் வாங்கல். ஐந்தில் இருந்து கதை மாறுகிறது. நஷ்டம் ஒரு பக்கம் மட்டும் போய் விழுகிறது. ஆனால் சொல் மட்டும் மாறவே இல்லை. பஸ் சீட்டுக்குக் கேட்ட அதே இலகுவான தொனியில், ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமையையும் கேட்டுவிட முடிகிறது.

அர்த்தம் இருப்பது வாலில்!

கொஞ்சம் இலக்கணம். பயப்பட வேண்டாம், பள்ளிக்கூட இலக்கணம் இல்லை. ‘அட்ஜஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் நாம் ஒட்டும் தமிழ் வாலை மட்டும் கவனியுங்க.

‘அட்ஜஸ்ட் பண்ணு’ என்றால் ஒரு பொருளை மாற்று என்று அர்த்தம். கண்ணாடி, பெல்ட், ஃபேன் வேகம் என்று எதுவாகவும் இருக்கலாம்.

‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்றால்? இங்கே ‘கொள்’ என்ற துணைவினை வந்து உட்காருகிறது. ‘எழுதிக்கோ’, ‘பாத்துக்கோ’, ‘வச்சுக்கோ’ போல, செயல் செய்பவர் மேலேயே திரும்புகிறது. இப்போது மாற வேண்டியது ஃபேன் இல்லை, நீங்கள்.

‘அட்ஜஸ்ட் பண்ணிக் குடுங்க’ என்றால் பலன் கேட்பவருக்குப் போகிறது. தெரிந்தவரிடம், மேலே இருப்பவரிடம் உதவி கேட்கும் தொனி. “சனிக்கிழமை மட்டும் லீவு அட்ஜஸ்ட் பண்ணிக் குடுங்க சார்.”

‘அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம்’ என்றால் ‘நீயும் நானும்’. இதில் மட்டும்தான் இரண்டு பேரும் உள்ளே இருக்கிறார்கள்.

ஒரு வேலை செய்து பாருங்க. கடந்த வாரத்து வாட்ஸ்அப் மெசேஜ்களில் ‘அட்ஜஸ்ட்’ என்று தேடி, உங்களுக்கு வந்தது எந்த வால், நீங்கள் அனுப்பியது எந்த வால் என்று எண்ணிப் பாருங்க. வீட்டிலும் ஆபீஸிலும் யார் யாரிடம் ‘பண்ணிக்கோ’ சொல்ல முடிகிறது, யார் யாரிடம் ‘பண்ணிக் குடுங்க’ என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். ‘பண்ணிக்குவோம்’ எத்தனை தடவை வந்தது என்பதையும் பாருங்க.

தமிழில் சொல்லிப் பார்த்தால்...

விளாத்திகுளம் கரிசல் மண். கோவில்பட்டி பக்கம் இடைசெவலைச் சேர்ந்த எழுத்தாளர் கி.ராஜநாராயணன் (மறைவு: 2021) இந்த வட்டாரத்துப் பேச்சுச் சொற்களுக்கென்று தனி அகராதியே தொகுத்தார். மக்கள் பேசும் சொல் ஒவ்வொன்றுக்கும் தனி நிறம், தனி எடை உண்டு என்பதைக் காட்டிய வேலை அது. ‘அட்ஜஸ்ட்’டுக்குப் பதிலாக நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொற்களை அந்தக் கண்ணோடு பார்த்தால் ஒரு விஷயம் புரியும். தமிழ்ச் சொற்களில், யார் எதை இழக்கிறார் என்பது வெளியே தெரிகிறது.

• ஒத்துப்போ: ‘ஒப்பு’, ‘ஒத்த’ போன்ற சொற்களின் குடும்பம். இருவர் ஒன்றுபோல ஆவது. இரண்டு பக்கமும் கொஞ்சம் அசைவு உண்டு.

• அனுசரித்துப் போ: சம்ஸ்கிருத வேரில் ‘அனுசரி’ என்றால் பின்தொடர்வது. ஒருவர் முன்னால் போகிறார், இன்னொருவர் பின்னால் போகிறார். கல்யாணமான பெண்ணிடம் அதிகம் சொல்லப்படும் சொல் இதுதான் என்பது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை.

• விட்டுக்கொடு: விடுவது, கொடுப்பது என இரண்டு வினை. உங்கள் கையில் ஒன்று இருந்தால்தான் விட முடியும். ‘இது உங்களுடையதுதான்’ என்பதை இந்தச் சொல் ஒப்புக்கொள்கிறது.

• பொறுத்துக்கொள்: சுமை இருக்கிறது என்பதை மறைக்காத சொல்.

• சமாளி: சிக்கல் தீரவில்லை, தள்ளிப்போகிறது என்பதை ஒப்புக்கொள்ளும் சொல்.

• சரிக்கட்டு: ஆளையோ கணக்கையோ எப்படியாவது வழிக்குக் கொண்டுவருவது. கேட்டதுமே காது கூர்மையாகிவிடும்.

“இந்த மாசம் சம்பளம் ரெண்டு வாரம் லேட்டாகும், பொறுத்துக்கோங்க” என்று ஒரு முதலாளி சொன்னால், அது தன் பக்கத்துத் தவறு என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி. “அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்று சொன்னால்? அது ஏதோ உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டிய சின்ன வேலை மாதிரி ஆகிவிடுகிறது. ஆங்கிலச் சொல் செய்யும் வேலை இதுதான். கேட்பவரின் கூச்சத்தை அது மறைத்துவிடுகிறது.

உட்கார ஒரு சட்டம்

அப்படி மறைந்துபோன ஒரு நஷ்டம், கடைசியில் சட்டமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தென்மாவட்டங்களில் இருந்து சென்னை தி.நகர் துணிக்கடைகளுக்கும் பாத்திரக்கடைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். 2010-ல் வெளியான ‘அங்காடித் தெரு’ படம் அவர்கள் வாழ்க்கையைத்தான் காட்டியது. கஸ்டமர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டும். கால் வீங்கினாலும் ‘அட்ஜஸ்ட்’ பண்ணிக்கொள்ள வேண்டும்.

கேரளா 2018-ல் இதற்குச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், 1947-ம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. கடைகளிலும் நிறுவனங்களிலும் எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அந்தத் திருத்தம்.

யோசித்துப் பாருங்க. பஸ்ஸில் ‘அட்ஜஸ்ட்’ என்ற சொல் நின்றுகொண்டிருந்தவருக்கு சீட் வாங்கிக் கொடுத்தது. கடையில் அதே சொல் சீட்டைப் பிடுங்கிக்கொண்டது. அதைத் திருப்பி வாங்க ஒரு சட்டம் தேவைப்பட்டது.

‘மென்ட்’ சேர்ந்தால் வேறு அர்த்தம்

‘அட்ஜஸ்ட்’ வினைச்சொல்லாக இருக்கும்வரை ஓரளவு அப்பாவி. ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்று பெயர்ச்சொல் ஆனதும், சினிமா உலகத்தில் அதன் அர்த்தமே வேறு.

மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய 2017-ல் கேரள அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.ஹேமா தலைமையில் ஒரு கமிட்டி அமைத்தது. நடிகை சாரதா, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ் அதிகாரி கே.பி.வல்சலா குமாரி ஆகியோர் உறுப்பினர்கள். 2019 டிசம்பரில் கொடுக்கப்பட்ட அறிக்கை, சில பகுதிகள் நீக்கப்பட்டு, 2024 ஆகஸ்ட் 19 அன்றுதான் வெளியானது. திரையுலகப் பெண்களுக்கு நன்கு பழக்கமான இரண்டு சொற்கள் என்று அந்த அறிக்கை குறிப்பிட்டவை: ‘காம்ப்ரமைஸ்’, ‘அட்ஜஸ்ட்மென்ட்’. வாய்ப்புக்காகப் பாலியல் ரீதியாக இணங்க வேண்டும் என்பதைத்தான் இந்த இரண்டு சொற்களும் பூசி மெழுகின.

இதில் மொழியின் பங்கு என்ன? நேரடியாகக் கேட்டால் அது குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்று கேட்டால், நாளைக்கே ‘நான் ஷூட்டிங் டேட்டைத்தான் சொன்னேன்’ என்று பின்வாங்க முடியும். பல அர்த்தம் உள்ள சொல், கேட்பவருக்குத் தப்பிக்கும் வழி. மறுப்பவருக்கோ, தன்னிடம் என்ன கேட்கப்பட்டது என்று நிரூபிப்பதே பெரும்பாடு.

சினிமாவோடு முடிகிற விஷயமும் இல்லை. எந்த ஆபீஸிலும் இப்படி ஒரு பேச்சு வந்தால், 2013-ம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பொருந்தும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுக்கலாம். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை அவகாசம் தரலாம். 10 பேருக்குக் குறைவான சின்னக் கடை, ஆபீஸ் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுகலாம். பெண்களுக்கான உதவி எண் 181.

கோர்ட்டும் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது!

ஆச்சரியமாக, இந்தச் சொல் சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது. 1908-ம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 23, விதி 3-ஐப் பாருங்க. ஒரு வழக்கு தரப்பினரின் உடன்பாட்டால் ‘அட்ஜஸ்ட்’ ஆகிவிட்டால், அதைப் பதிவு செய்து கோர்ட் தீர்ப்பாணை கொடுக்கலாம் என்கிறது. ஆனால் சும்மா இல்லை. உடன்பாடு சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும், தரப்பினர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்பது 1976-ல் செய்த திருத்தம்.

அரசியல் கட்சிகளும் தேர்தல் நேரத்தில் ‘சீட் அட்ஜஸ்ட்மென்ட்’ செய்வார்கள். தமிழில் தொகுதி உடன்பாடு. எத்தனை தொகுதி என்று எண் எழுதி, இரு கட்சித் தலைவர்களும் கையெழுத்துப் போட்டு, கேமரா முன்னால் காட்டுவார்கள்.

கோர்ட்டிலும் கட்சி ஆபீஸிலும், அட்ஜஸ்ட் என்றால் இரண்டு கையெழுத்து. சாமானியரிடம் கேட்கும்போது மட்டும் அது ஒரு கை ஓசை.

அடுத்த முறை கேட்டால் என்ன செய்யலாம்?

‘இனிமே யாருக்கும் அட்ஜஸ்ட் பண்ண மாட்டேன்’ என்று கிளம்பினால் பஸ்ஸில்கூடப் போக முடியாது. சேர்ந்து வாழ நெருக்கமும் வேண்டும், நியாயமும் வேண்டும். அதற்கு மனசுக்குள் 3 கேள்வி போதும்.

• யார் யார் அட்ஜஸ்ட் பண்றோம்? பஸ் சீட்டில் நாலு பேரும் நகர்கிறார்கள். நகர்வது நீங்கள் மட்டும்தானா?

• எவ்வளவு நேரத்துக்கு? இறங்கும் ஸ்டாப் எது என்று தெரிந்தால் எந்த நெருக்கடியும் தாங்கும். ‘கொஞ்ச நாள்’ என்பது தேதி இல்லை.

• முடியாதுன்னு சொன்னா என்ன ஆகும்? பஸ்ஸில் அதிகபட்சம் ஒரு முறைப்பு. வேலையோ, மார்க்கோ, வாய்ப்போ, வீட்டில் நிம்மதியோ போகும் என்றால், அது கேட்பது இல்லை, மிரட்டுவது.

பதில் சொல்வதற்கும் சண்டை போடத் தேவையில்லை. சொல்லைக் கொஞ்சம் தெளிவாக்கிக் கேட்டாலே போதும்.

வீக்கெண்ட் வேலைக்கு: “சரிங்க சார், இந்த ஞாயிறு வர்றேன். பதிலுக்கு எந்த நாள் லீவு எடுத்துக்கலாம்னு மெயில்ல போட்டுருங்க.”

கைமாத்துக்கு: “தர்றேன்டா, எப்ப திருப்பித் தருவன்னு மட்டும் சொல்லு.”

லஞ்சத்துக்கு: “அட்ஜஸ்ட்னா என்ன சார், ரசீது தருவீங்களா?” 2018-ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் பாதுகாப்பு உண்டு.

வீட்டில்: “நான் விட்டுக்கொடுக்கிறேன்மா. அவங்க எதை விட்டுக்கொடுக்கிறாங்க?”

கடைசிப் பதிலில் ‘அட்ஜஸ்ட்’ போய் ‘விட்டுக்கொடு’ வந்துவிட்டதைக் கவனித்தீர்களா? யாராவது ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்றால், அதைப் பொருத்தமான தமிழ்ச் சொல்லாக மாற்றி ஒருமுறை சொல்லிப் பாருங்க. ஒத்துப்போகச் சொல்கிறார்களா, பின்னால் வரச் சொல்கிறார்களா, பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார்களா என்பது அப்போதே தெரிந்துவிடும். ‘விட்டுக்கொடு’ என்று வந்தால், அதில் ‘கொடு’ இருக்கிறது. கொடுப்பதா வேண்டாமா, எவ்வளவு கொடுப்பது என்பதைக் கொடுப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.